செட்டுக்குப் போட்ட சாமி

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். "சாந்திக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்" என்று சொல்ல என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அன்று காலை தலைக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, நல்ல மனசோடுதான் கிளம்பினேன்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த மாதம் எனக்குப் பிடித்த படம், புத்தகம், பாட்காஸ்ட், பாட்டு, போய்வந்த ஊர் என்று எழுதி என் பிளாக்கில் போடுவது வழக்கம். ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறவளுக்கு மூச்சுவிட ஒரு ஜன்னல் வேண்டாமா? படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பாதிப்பேர் என் பழைய மாணவிகள். இந்த மாதம் வேலை சுலபமாக இருந்தது. ஐந்தில் நான்கு ஒரே படத்திலிருந்து வந்துவிட்டன.

படத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இலவச விளம்பரம் எதற்கு? உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. மதுரை என்றால் அருவாள் வேண்டுமே, இருந்தது. ஜிகர்தண்டா வேண்டுமே, அதுவும் இருந்தது. இந்த ஊரில் நாங்களெல்லாம் காலையில் பல் விளக்குவதே அருவாளை வைத்துத்தான் என்று சென்னையில் யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன். வெட்டவெளிச் செம்மண் காட்டின் நடுவில், குதிரை மேல் ஆளுயரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற எல்லைச்சாமிக்கு ஒரு பூசாரி ஏணியில் ஏறிக் கண் திறப்பார். கருவிழியை மையால் எழுதிக் கண்ணாடி காட்டியதும் உருமி அதிரும். தியேட்டரில் பக்கத்து சீட்டு அம்மாவுக்குச் சாமியே வந்துவிட்டது. அந்த உருமிப் பாட்டுத்தான் என் மாதத்தின் பாட்டு.

புத்தகம், அந்தப் படம் உருவான கதை. வழவழத் தாள், முழுக்கப் புகைப்படம், விலை அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். அதில் அந்தச் சாமியின் படத்துக்குக் கீழே "பல நூற்றாண்டுகளாக இம்மண்ணைக் காக்கும் தெய்வம்" என்று போட்டிருந்தது. பாட்காஸ்டில் இரண்டு பையன்கள் டைரக்டரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தார்கள். "அந்தச் சாமி ஆயிரம் வருஷமா அங்க நிக்குது. நாங்க கேமராவை மட்டும்தான் கொண்டுபோய் வச்சோம்" என்றார் டைரக்டர். குரலே தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது. அந்தப் பையன்கள் இடத்துக்கு மேப்பும் கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்தது பயணம் மட்டும். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் வருஷத்துச் சாமியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று கிளம்பினேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சிம்மக்கல்லில் இறங்கி நூர்ஜஹானைச் சேர்த்துக்கொண்டேன். நூர் என்னோடு காலேஜில் படித்தவள். அவர்கள் குடும்பம் அங்கே கயிறு, சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். அவள் அத்தாவுக்குப் பிறகு கடையை அவள்தான் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.

"ஏண்டி, சாமி பாக்க என்னய எதுக்குக் கூப்பிடுற?" என்றாள் ஷட்டரில் பூட்டைத் தொங்கவிட்டபடி.

"சாமி பாக்க இல்ல. ஊர் பாக்க."

"ஊர்ல போய் பிரியாணி கேட்டா கெடைக்காதுல்ல? அப்ப இங்கயே வடை வாங்கிக்க."

ஆரப்பாளையத்தில் தேனி பஸ். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். நாகமலை கூடவே வந்து பின்தங்கியது. செக்கானூரணியில் பஸ் நின்று பாதிக் கூட்டம் மாறியது. கருமாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுத நிலம். இரண்டு நாள் முன்னால்தான் நல்ல மழை. வானத்தை மட்டுமே நம்பிக் கிடக்கிற பூமி அது. புரட்டாசி மழை விழுந்தால் அந்த ஈரத்திலேயே உழுது விதைத்துவிட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் நடக்காது. வழியெங்கும் டிராக்டர்கள் ஓடின. ஜன்னலோரம் மண்வாசத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டே போனோம்.

உசிலம்பட்டியில் ஒன்பது மணி சுமாருக்கு இறங்கி டீ குடித்து, இன்னொரு டவுன் பஸ் பிடித்தோம். எட்டு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. மேப் கொடுத்தவர்கள் செய்த உபகாரமே அந்த ஊருக்குப் போதும்.

இறங்கிய இடத்திலேயே ஃப்ளெக்ஸ் வளைவு. "ஆயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த அருள்மிகு" என்று ஆரம்பித்து, நடுவில் சாமி, ஒரு பக்கம் படத்தின் கதாநாயகன், சுற்றிலும் விழாக் கமிட்டியின் முகங்கள். நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தார்கள். காதுகுத்துக்கும் இதே போஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் இதே போஸ். கார் நிறுத்த முப்பது ரூபாய் என்று ஒரு அட்டை தொங்கியது. ஒலிபெருக்கியில் அந்த உருமிப் பாட்டு. வெளியூர்க் கார்கள் இரண்டு, குதிரைக்கு முன்னால் செல்பி எடுக்கிற ஒரு குடும்பம். மழை படாமல் சாமி தலைக்கு மேலே கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன இருந்தாலும் அந்தக் கண் பெரிய கண். நூர் பின்பக்கம் சுற்றிப்போனாள்.

"சாந்தி, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். குதிரையின் பின்னங்காலைச் சுட்டு விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது. குளம்புக்கு மேலே பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளையாக, மணி மணியாக எட்டிப்பார்த்தது. உள்ளே ப்ளைவுட் விளிம்பு.

"ஏண்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெர்மக்கோல் இருந்துச்சா?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு ஓலைப்பெட்டிகளில் விதை. அவளை ஒட்டி ஒரு டிராக்டர் கலப்பையைத் தூக்கியபடி நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அதத் தட்டிப் பாத்த மொத ஆளு நீங்கதான் தாயி" என்றாள். "வாரவக எல்லாம் போட்டா எடுக்காக, போறாக."

அவள் பெயர் பேச்சியம்மாள். காலேஜில் பாடம் நடத்துகிறேன் என்றதும் அவளுக்கு நான் டீச்சர் ஆகிவிட்டேன். சாமி நிற்கிற அந்த ஒன்றரை ஏக்கரும் அவளுடையது. எனக்குச் சட்டென்று புரியவில்லை. கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறாளோ என்று கேட்டேன்.

"கோயிலா? என்ன கோயிலு? இது சோளம் வெதைக்கிற காடும்மா. எங்கய்யா இந்தக் காட்டுல கூலிக்கு ஒழச்சு செத்தாரு. நானும் எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடந்து, அதே காட்ட வெலைக்கு வாங்குனோம். பட்டா என் பேர்ல இருக்கு. எங்க காலனியில மொத மொத நெலம் வாங்குனது நாங்கதான்."

பிறகு நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடேறியது.

போன வருஷம் சினிமாக்காரர்கள் வந்து மூன்று நாள் ஷூட்டிங் என்று இடம் கேட்டார்கள். சரி என்றாள். லாரியில் துண்டு துண்டாகக் குதிரை வந்து இறங்கியது, ஒரே ராத்திரியில் சாமி எழும்பி நின்றது. அதுவரை ஒன்றும் தப்பில்லை. கண் திறக்கிற காட்சி வந்தபோதுதான் டைரக்டருக்கு எதார்த்தம் தலைக்கேறியது.

"நடிக்கிற பூசாரி வேணாம், நெசப் பூசாரிதான் வேணும்னுட்டாரு. பக்கத்தூர்ல சாமி செலை செஞ்சு கண்ணு தொறக்குற வேளாரக் கூட்டியாந்தாய்ங்க. அவரு பாவம், வேற மாதிரி செய்யத் தெரியாத மனுசன். வெரதம் இருந்து, நெசமா சேவல் அறுத்து, நெசமா கண்ணு தொறந்தாரு. இவய்ங்க சும்மா இருந்தாய்ங்களா? லைட்டு சரியில்ல, இன்னொருக்கானு அழிச்சு அழிச்சு நாலஞ்சு தடவ தொறக்க விட்டாய்ங்க."

"எந்த டேக்குல சாமி வந்துச்சாம்?" என்றாள் நூர்.

"கடைசி டேக்குதான். வேளாரு மயங்கி விழுந்துட்டாருல்ல!"

அவள் இதைச் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கண் திறக்கிற வரைக்கும் அது மண்ணோ மரமோ, யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம், உடைக்கலாம். கண் திறந்துவிட்டால் சாமி. அதற்குப் பிறகு கை வைக்கக் கூடாது. ஷூட்டிங் முடிந்து செட்டைப் பிரிக்க லாரி வந்தபோது ஊர்க்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்கள் சந்தோஷமாகத் தப்பித்தோம் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு லாரி வாடகை மிச்சம். அந்த விதைப்புப் பட்டத்தில் பேச்சியம்மாளை விதைக்க விடவில்லை. படம் வந்தது, பாட்டு வந்தது, புத்தகம் வந்தது, பாட்காஸ்டில் ஆயிரம் வருஷம் வந்தது. கார்கள் வர ஆரம்பித்தன. உண்டியல் வைத்தார்கள். கமிட்டி போட்டார்கள். இப்போது மண்டபம் கட்டப்போகிறார்கள்.

இந்த மாதம் முழுவதும் நான் ரசித்து ரசித்துக் கேட்டதும் படித்ததும் எல்லாம் ஒரு பெண்ணின் காட்டைப் பிடுங்குவதற்கான ஏற்பாடா? அந்த டைரக்டர் மட்டும் அந்த நேரத்தில் எதிரில் வந்திருந்தால் தழுதழுத்த குரலை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆயிரம் வருஷமாம்! பெயின்ட் வாசனை போகவில்லை, அதற்குள் ஆயிரம் வருஷம். நாக்கு கூசவில்லையே அந்த மனுஷனுக்கு!

"நீங்க ஏன் எடுத்துப் போடல? உங்க நெலம்தானே?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் சாமி பயம் இல்லையா டீச்சர்? நானும் வெளக்கு ஏத்தித்தான் வாரேன்" என்றாள். "அது நிக்கிற எடத்த விட்டுட்டு மத்ததை ஒழுதுக்கிறேன்னுதான் கேக்குறேன். அதுக்கும் விடல. பெறகு இன்னொண்ணு சொன்னாய்ங்க, அதுதான் மனசு ஆறல."

ஊருக்குள் இருக்கிற கோயிலில் காலனிக்காரர்கள் உள்ளே போக முடியாது. வெளியே நின்று கும்பிட வேண்டும், துண்ணூறை மேலேயிருந்து கையில் போடுவார்கள். அது அங்கே இன்றைக்கும் நடக்கிறது. மண்டபம் கட்டி முடித்தபிறகு இங்கேயும் அதே முறைதான், நீங்களெல்லாம் வரப்போடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"என் காட்டுல, என் பட்டாவுல, நான் வெளிய நிக்கணுமாம்."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான்தான் சத்தம் போட்டேன். கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. டிராக்டர் டிரைவர் விழித்துக்கொண்டான்.

அவன் பெயர் செல்வம். உசிலம்பட்டியிலிருந்து மணிக்கணக்கு வாடகைக்கு வந்திருக்கிறான். உள்ளூர் டிராக்டர் ஒன்றும் இந்தக் காட்டுக்கு வராது. மழை பெய்த பிறகு டிராக்டருக்கு இருக்கிற கிராக்கியில் அவன் அன்று மத்தியானம் வரைதான் நிற்பான். "யக்கா, ஆளுக வந்து பேசி முடிச்சாத்தான் நான் கலப்பைய எறக்குவேன். எனக்கு ஒரு வம்பும் வேணாம்" என்று முன்பே சொல்லியிருக்கிறான். கமிட்டி அன்றுதான் மண்டபத்துக்கு வாணம் தோண்ட அளவு போட வருகிறது. அஸ்திவாரக் குழி ஒன்று விழுந்துவிட்டால் நிலம் போனதுதான். அதற்கு முன்னால் உழவு விழ வேண்டும். இதற்காகத்தான் அவள் விடியற்காலையிலிருந்து விதைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். நூல்கண்டு, சுண்ணாம்புப் பொடி, கடப்பாரை. வந்ததும் வராததுமாக ஒரு மூலையில் குச்சி நட்டு, நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஃப்ளெக்ஸில் பார்த்த முகங்கள்தான், போன் மட்டும் பையில் இருந்தது. முன்னால் வந்தவர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர்தான் கமிட்டித் தலைவர். அவளைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார்.

"ஏ பேச்சி, டிராக்டரை எடுக்கச் சொல்லு. நல்ல நேரம் போகுது" என்றார்.

வயதில் மூத்தவளை ஏ பேச்சியாம். அவள் அண்ணே என்றுதான் பேசினாள். "அண்ணே, அது நிக்கிற எடம் போக மத்ததை ஒழுதுக்கிறேன்ணே. ஈரம் காயுது."

"சாமி எடத்துல ஏர் ஓட்டுவியா? ஆயிரம் வருஷத்துச் சாமி. ஊருக்கே நல்லது நடக்கும்போது நீ ஒருத்தி குறுக்க நிக்காத. ஒனக்குந்தான் புண்ணியம்."

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றேன். "சார், என்ன ஆயிரம் வருஷம்? சினிமாக்காரன் வச்ச பொம்மை சார் இது. தெர்மக்கோல்! கால்ல தட்டிப் பாருங்க!"

அவ்வளவுதான். அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "சாமியப் பொம்மைங்கிற?" "யாரும்மா நீ?" ஒருவர் கண் நூரின் புர்கா மேல் போனது. "பேச்சி, வெளியாளுகளை எறக்குறியா? அதுவும் ஆளு பாத்து எறக்கியிருக்க!"

என் வாய் அவளுக்குச் செய்த உதவி இதுதான். நூர் மட்டும் அசையவில்லை. "வெளியாளு இல்லண்ணே, சிம்மக்கல்லு. ஒங்க சாமி தலைக்கு மேல கெடக்குற தார்ப்பாய் எங்க கடைச் சரக்கு. ஓரத்துல பேர் இருக்கு, பாத்துக்கங்க" என்றாள். ஒருவர் உண்மையிலேயே அண்ணாந்து பார்த்தார்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "டீச்சர், நீங்க சும்மா இருங்க. இது நான் பேசுற பேச்சு."

அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பொம்மைனு நான் சொல்லலண்ணே. கண்ணு தொறந்தாச்சு. சாமிதான்."

"அப்படிச் சொல்லு" என்றார் வெள்ளைச் சட்டை.

"சாமிதான். அதனாலதான் கேக்குறேன். நம்ம பக்கம் சாமிய ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோனா எப்படிக் கொண்டுபோவோம்? பிடிமண் எடுத்துத்தானே? ஒங்க குலசாமியே கம்பம் ஊர்லருந்து பிடிமண்ணா வந்ததுதானே?"

அதை யாரும் மறுக்க முடியாது. சாமி நின்ற இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைத்தால் சாமி அந்த மண்ணோடு போய்விடும், பழைய இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்த ஊரில் பாதிக் கோயில் அப்படி வந்ததுதான்.

அவள் குதிரையின் காலடிக்குப் போனாள். விழுந்து கும்பிட்டாள். முந்தானையை விரித்து ஒரு கைப்பிடி ஈரமண் அள்ளிவைத்து எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நீட்டினாள்.

"வாங்கிக்கங்கண்ணே. சாமி ஊருக்கு நல்லது செய்யட்டும். ஒங்க காட்டுல வைங்க. எங்கிட்ட இருக்கிறது ஒண்ணரை ஏக்கரு. ஒங்களுக்கு ரோட்டுமேல அம்புட்டுக் கெடக்குல்ல? மண்டபத்துக்கு நாங்களும் கல்லு சுமக்குறோம்."

அவர் கை பின்னால் போனது. "அது... நான் அதுல போர் போட்டிருக்கேன். தென்னை வைக்கப்போறேன்."

அவள் அடுத்தவருக்கு நீட்டினாள். அவருக்கு அண்ணன் தம்பிக்குள் இன்னும் பாகம் பிரிக்கவில்லையாம். அதற்கடுத்தவர் நிலம் மகளுக்குச் சீதனமாகப் பேசியாச்சாம். இன்னொருவர், "எங்க காட்டுக்கு வண்டிப்பாதை இல்ல, பக்தர்களுக்குச் செரமம்" என்றார். பக்தர்கள் மேல் என்ன கரிசனம்! கையில் மண்ணோடு அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள், ஒவ்வொருவரும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்கள். சாமி நமக்கு வந்துவிடுமோ என்று அத்தனை பேருக்கும் பயம். இத்தனை நாள் ஊர் நன்மை ஊர் நன்மை என்று கத்தியவர்களில் ஒரு செண்டு நிலம் கொடுக்க ஒருத்தருக்கும் வக்கில்லை. அவள் சும்மா இருக்கச் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வரிசையைச் சுற்றி முடித்தாள்.

"யாருக்கும் வேணாம்ல?"

கடப்பாரை வைத்திருந்தவர் அதைக் கீழே சாய்த்து வைத்தார்.

"அப்பச் சரி." முந்தானையிலிருந்த மண்ணை எடுத்த இடத்திலேயே உதறினாள். "இதுக்குப் போக வேற எடமில்ல. என் காட்டுல இருந்தா இது என் சாமி. என் சாமிக்கு நான்தான் பூசாரி. கும்பிட வாரவக யாரா இருந்தாலும் வரலாம், நான் யாரையும் வரப்புல நிக்கச் சொல்லமாட்டேன். என் கையில துண்ணூறு வாங்கிக் கும்பிட்டுட்டுப் போங்க."

விளக்குக்குப் பக்கத்திலிருந்த திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

ஆயிரம் வருஷத்துச் சாமி, ஊரைக் காக்கிற சாமி, மண்டபம் கட்டியே தீரவேண்டிய சாமி. அந்தச் சாமியின் துண்ணூறு. ஒரு கை நீளவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை முகம் கறுத்துப்போய், "என்னடி, எகத்தாளமா?" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொன்னால் சாமி இல்லையென்றாகும், வாங்கினால் அவள் கையில் வாங்கியதாகும். அவள் தட்டைக் கீழே இறக்கவில்லை.

டிராக்டரிலிருந்து செல்வம் இறங்கினான். டயருக்குப் பக்கத்திலேயே செருப்பை விட்டான். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராக வந்து அவள் முன்னால் நின்று, கையை நீட்டினான். குனிந்து வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டான்.

"ஏலே பங்காளி!" வெள்ளைச் சட்டை அலறினார். "நம்ம ஆளாடா நீ?"

செல்வம் எந்த ஊர், என்ன ஆள் என்று நான் அதுவரை யோசிக்கவில்லை. அந்தப் பங்காளி என்ற வார்த்தையில்தான் அவனும் அவர்கள் சாதி என்று தெரிந்தது. பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும் போலிருந்தது.

"பேசி முடிச்சாச்சுல்லண்ணே" என்றான் செல்வம். "சாமியும் அவுகளுது, காடும் அவுகளுது. வழிய விடுங்க, ஈரம் காயுது."

ஏறி உட்கார்ந்து கலப்பையை இறக்கினான். நூல் பிடித்துக் குச்சி நட்டு வைத்திருந்த மூலையிலிருந்துதான் ஆரம்பித்தான். குதிரையின் காலைச் சுற்றி வளைத்துவிட்டு, மற்ற இடம் முழுவதும் சிவப்பாகப் புரண்டது. சுண்ணாம்புப் பொடி மண்ணுக்குள் போய்விட்டது. கமிட்டிக்காரர்கள் ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் கத்தினார்கள். போலீசில் சொல்வோம் என்றார்கள். நாளைக்கு வருவோம் என்றார்கள். வரத்தான் செய்வார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் உழுது விதைத்த நிலத்தில் மிதித்து நடக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் சட்டென்று கால் வராது. அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் அவ்வளவு அவசரப்பட்டாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கினாள். மூக்கை உறிஞ்சி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நிண்டு வேடிக்கை பாக்காதீங்க டீச்சர். சோளம் ஒண்ணு, தட்டாம்பயறு ஒண்ணு. ஆளுக்கொரு பொட்டி எடுங்க." நூர் புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். எனக்கு வீசத் தெரியவில்லை, ஒரே இடத்தில் கொட்டினேன் என்று திட்டு வாங்கினேன்.

நாலு மணி பஸ்ஸில் கிளம்பினோம். நூர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. சினிமாக்காரர்கள் மேல், பாட்காஸ்ட் பையன்கள் மேல், சலவைச் சட்டை மேல். செக்கானூரணி வரைக்கும் ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டு வந்தேன். ஒத்தக்கடையில் எங்கள் தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. வாரம் தவறாமல் போகிறேன், உள்ளே போய் நின்று துண்ணூறு வாங்கிக்கொண்டு வருகிறேன். அங்கே உள்ளே வராமல் வாசலோடு நிற்கிறவர்கள் யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.